தாத்தாவின் இங்க் பாட்டிலில் புது மையை ஊற்றலாமா?

மேசை இழுப்பறையை ஒழிக்கும்போது தாத்தாவின் இங்க் பேனா கிடைக்கும். கூடவே, அடியில் கால்வாசி மையோடு ஒரு பழைய பாட்டில். ஆசையாகப் புது மை ஒன்று வாங்கி வருவீர்கள். "ரெண்டும் நீலம்தானே, இதையும் அதிலேயே ஊத்திடு, வீணாகாது" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். போன வருஷத்து ஊறுகாய் ஜாடியில் புது ஊறுகாயைக் கொட்ட விடாத அதே வீட்டில்தான்!

ஏன் கூடாது என்பதற்கான விடை கொல்லிமலைக் காட்டிலேயே காய்த்துத் தொங்குகிறது. கடுக்காய்.

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் வரும் கொல்லிமலை, மிளகு, பலா, அன்னாசியோடு மூலிகைக்கும் பேர்போனது. அங்கே விளையும் கடுக்காயை நாம் மருந்தாகத்தான் பார்க்கிறோம். ஆனால் ஒரு காலத்தில் கடுக்காய்ச் சாற்றோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பைச் சேர்த்துத்தான் எழுதும் மை காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. வாழைப்பூ நறுக்கிய இரும்புக் கத்தி கறுத்துப்போகிறதே, அதே சங்கதிதான். நரைமுடிச் சாயத்துக்குக் கடுக்காய்ப்பொடியை இரும்புச் சட்டியில் ஊறவைக்கிற பாட்டிகளுக்கும் இந்த வேதியியல் தெரியும்.

ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் உண்டாகும் ஒருவகைக் காயைப் பயன்படுத்தினார்கள். மற்றபடி கைப்பக்குவம் ஒன்றே. 'புளூ பிளாக்' என்று லேபிள் ஒட்டிய பழைய பாட்டில்கள் பலவற்றில் இருந்தது இந்த இரும்பு மைதான். எழுதும்போது நீலமாக இருக்கும், காற்றுப்பட்டுப் போகப்போகக் கறுக்கும், அழியாது. பத்திரங்களுக்கு இதை விரும்பியதன் காரணம் அதுதான்.

இந்த இரும்பு மை அமிலத்தன்மை உள்ளது. இன்று கடையில் வாங்குகிற மை பெரும்பாலும் தண்ணீரில் கரைத்த சாயம். அதிலும் சில அமிலம், சில காரம். அமிலத்தில் கரைந்திருந்த இரும்பு, காரம் பட்டதும் திரிந்து வண்டலாகக் கீழே இறங்கிவிடும். பாலில் எலுமிச்சை பிழிந்த கதை. பாட்டிலில் இறங்கினால் பரவாயில்லை, கொட்டிவிடலாம். பேனாவுக்குள் இறங்கினால்? நிப்புக்கு அடியில் நாக்கட்டையில் தலைமுடி அளவில்தான் மை ஓடும் வாய்க்கால் இருக்கிறது. அது அடைத்துவிட்டால் தாத்தாவின் பேனா வெறும் அலங்காரப் பொருள்.

மைக்கு மை குணம் மாறும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1941இல் வந்த 'பார்க்கர் 51' பேனாவுக்கென்றே தனியாக ஒரு மை விற்றார்கள். காரம் அதிகமான மை அது. வேறு பேனாவில் ஊற்ற வேண்டாம் என்று எச்சரித்தே விற்றார்கள்.

"நான் ஒரே கம்பெனி, ஒரே நிறம்தானே கலக்கிறேன்?" என்கிறீர்களா? அதிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கொல்கத்தாவின் 'சுலேகா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1934இல் சுதேசி மையாகப் பிறந்த கம்பெனி, 1980களின் இறுதியில் மூடப்பட்டது. இங்க் பேனா மையை மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது 2020இல். பாட்டிலில் பெயர் ஒன்றுதான். ஆனால் முப்பது வருஷ இடைவெளிக்குப் பிறகு உள்ளே இருக்கும் சாயமும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிக் கலக்க முடியுமா?

மையே மாறாவிட்டாலும் பாட்டில் சும்மா இருந்திருக்காது. மூடி வழியே தண்ணீர் ஆவியாகி, மை கெட்டியாகியிருக்கும். மேலே ஆடை போலப் படலமோ, பாசி நாற்றமோ இருந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதில் தண்ணீர் ஊற்றி மீட்கப் பார்க்காதீர்கள். புது மையையும் அது கெடுத்துவிடும்.

படலம், வண்டல், நாற்றம் எதுவும் இல்லையா? அப்போது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இரண்டு மையிலும் பத்துப் பத்துச் சொட்டு விட்டு மூடிவையுங்கள். இரண்டு நாள் கழித்துச் சாய்த்துப் பாருங்கள். அடியில் துகள் இருந்தாலோ, நிறம் வெளுத்திருந்தாலோ கலக்க வேண்டாம். தெளிவாக இருந்தாலும், முதலில் விலை குறைந்த பேனாவில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பழைய மையைப் புது பாட்டிலில் மட்டும் எப்போதும் ஊற்றாதீர்கள். கெட்டால் இரண்டும் போய்விடும். ஒரு மையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, சாதாரணத் தண்ணீரில் நிறம் வராத வரை பேனாவைக் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

அந்தப் பேனாவோடு கொல்லிமலைக்கே சுற்றுலா போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அடிவாரத்தைவிட மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. பாதி மை நிரப்பிய பேனாவுக்குள் இருக்கும் காற்று, வளைவு ஏற ஏற விரிந்து மையை வெளியே தள்ளும். மை முழுக்க நிரப்பியோ, சுத்தமாகக் காலி செய்தோ, நிப் மேலே பார்க்கிற மாதிரி சட்டைப்பையில் செருகிக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை என்றால், காலி செய்துவிடுவதே உத்தமம்.