மழையின் மேல் பழி போட்டது போதும்

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீரை அடையாற்றில் திறந்துவிட முடிவெடுத்தது யார்? 2015 டிசம்பர் 1-ந் தேதி நடந்த காரியம் இது. பத்தாண்டு கடந்தும் இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டு மக்களுக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. எல்லாம் விதிப்படியே நடந்தது என்று அன்றைய தலைமைச் செயலாளர் கே.ஞானதேசிகன் நீண்ட அறிக்கை விட்டார். மூன்று மாதத்தில் பெய்ய வேண்டிய மழை சில நாட்களில் கொட்டினால் சேதத்தைத் தவிர்க்க முடியாது என்று முதலமைச்சர் ஜெயலலிதா அதற்கு முன்பே நவம்பர் மாதத்தில் சொல்லியிருந்தார். கோப்பு அத்தோடு மூடப்பட்டது.

மழை பெருமழைதான், அதில் ஐயமில்லை. அந்த நவம்பரில் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 1918-க்குப் பிறகு அப்படி ஒரு நவம்பர் இல்லை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவாயின. ஏரிக்கரை உடைந்தால் என்னாகும் என்று பொறியாளர்கள் அஞ்சியதையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சி.ஏ.ஜி. என்ற தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டப்பேரவைக்கு வந்தபோது வேறு கதை வெளிப்பட்டது. ஏரியில் இன்னும் நீர் தேக்க இடமிருந்தது. அப்படியிருந்தும் வந்துகொண்டிருந்ததைவிட அதிகமாகத் திறந்தார்கள். இது மனிதர்களால் விளைந்த பேரிடர் என்று அந்த அறிக்கை எழுதியது. இறந்தவர்கள் 289 பேர் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. ஊழல் வழக்குக்கோ தேர்தல் மேடைக்கோ உதவாத தணிக்கை அறிக்கைகளுக்கு நம் ஊரில் என்ன கதியோ, அதே கதிதான் அதற்கும் நேர்ந்தது.

இப்போது ஆட்சியாளர்களுக்குப் புதிதாக ஒரு கேடயம் கிடைத்திருக்கிறது: காலநிலை மாற்றம். எந்த வெள்ளம் வந்தாலும் "வரலாறு காணாத மழை" என்று தொடங்கி, புவி வெப்பமடைதலில் முடிக்கிறார்கள். சென்னை மழையைப் பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒன்று ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டது. அந்த ஒரு நாள் பெருமழையில் புவி வெப்பமயமாதலின் தடயம் எதையும் காண முடியவில்லை என்றது அது. காற்றில் கலந்த மாசுத் துகள்கள் வெப்பத்தின் விளைவை இதுவரை மறைத்திருக்கலாம் என்றும் கருதியது. அதாவது, அன்றைய சாவுகளைக் காலநிலையின் கணக்கில் எழுத அறிவியல் இடம் தரவில்லை. ஆனால் நாளைய மழை அப்படி இருக்காது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக ஈரம் சுமக்கும் என்பது பள்ளிப் பாடம். வங்கக் கடலும் சூடாகிக்கொண்டுதான் இருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதைப் பார்த்துவிட்டோம். வரும் என்று தெரிந்த ஆபத்துக்கு ஆயத்தம் செய்யாதவன், தெரியாமல் மாட்டிக்கொண்டவனைவிடப் பெரிய குற்றவாளி. காலநிலையைக் காரணம் காட்டும் ஒவ்வொரு அமைச்சரும் தம் பொறுப்பைக் கூட்டிக்கொள்கிறாரே தவிர, குறைத்துக்கொள்ளவில்லை.

2015-ல் எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. நீதி விசாரணை வேண்டும் என்று முழங்கியது. 2021-ல் ஆட்சிக்கு வந்ததும் அந்தக் கோரிக்கை அதற்கு நினைவில்லை. 2024 டிசம்பர் 2 அதிகாலை. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தென்பெண்ணையில் பாய்ந்தது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் தூக்கத்திலேயே மூழ்கின. முன்னறிவிப்பு இல்லாமல் திறந்தார்கள் என்று அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அ.தி.மு.க.வின் எடப்பாடி பழனிசாமி கண்டித்தார்; ஐந்து முறை எச்சரித்தோம் என்று ஆளுங்கட்சி பதில் சொன்னது. ஒன்பது ஆண்டுகளில் நாற்காலிகள் மட்டுமே இடம் மாறியிருந்தன. வசனத்தாளை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டார்கள்.

அந்த எச்சரிக்கை எப்படிப்பட்டது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அணையில் இருக்கும் பொறியாளர் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுவார். ஆட்சியர் அலுவலகம் செய்திக்குறிப்பு விடும். "விநாடிக்கு இத்தனை கன அடி உபரிநீர் திறக்கப்படுவதால் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்று கைபேசியில் குறுஞ்செய்தி வரும். நள்ளிரவில் மின்சாரமும் கோபுர இணைப்பும் போன ஊரில் இதை யார் படிப்பது? படித்தாலும், கன அடிக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி என்ன செய்வார்? தண்ணீர் எங்கள் தெருவுக்கு வருமா, எத்தனை மணிக்கு வரும், இடுப்பளவா கூரையளவா, மாடுகளை ஓட்டிக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது என்பவைதான் அவருக்குத் தெரிய வேண்டியவை. ஆற்றின் எந்த அளவு எந்த ஊரைத் தொடும் என்று கணக்கிட்டு வைத்திருக்கும் வரைபடம் இல்லாமல் இதைச் சொல்ல முடியாது. 2015-லும் அரசு எச்சரித்ததாகத்தான் சொன்னது. எங்கள் தெருவுக்கு எவரும் வரவில்லை என்று ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் சொன்னார்கள். நிவாரணப் பொட்டலங்களில் முதலமைச்சர் படத்தை ஒட்ட மட்டும் வீதிவீதியாக ஆள் கிடைத்தார்கள்.

சட்டம் இல்லை என்று எவரும் கைவிரிக்க முடியாது. 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாநிலப் பேரிடர் ஆணையத்தின் தலைவர் முதலமைச்சர். மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். பொறுப்பு யாருடையது என்பது காகிதத்தில் தெளிவாகவே இருக்கிறது. அரசுத் துறை குற்றமிழைத்தால் துறைத் தலைவர் பொறுப்பு என்று 55-வது பிரிவும், கடமை தவறும் அதிகாரிக்குச் சிறை என்று 56-வது பிரிவும் சொல்கின்றன. பிறகு 59-வது பிரிவு வருகிறது: இந்த வழக்குகளைத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும். குற்றம் சாட்டப்படுபவரிடமே சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் பூட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்த காரியத்துக்குப் பாதுகாப்பு என்று 73-வது பிரிவு வேறு. 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் அவசரகாலச் செயல்திட்டம் வேண்டும் என்கிறது. அந்தத் திட்டங்களில் எத்தனை கரையோர ஊராட்சிகளின் கைக்கு வந்திருக்கின்றன என்று நீர்வளத் துறை வெளிப்படையாகச் சொல்லட்டும்.

ஒன்றிய அரசும் தப்ப முடியாது. 2023-ல் தென்மாவட்டங்கள் மூழ்கிக் கிடந்தபோது வானிலைத் துறை சரியாகச் சொல்லவில்லை என்று மாநிலமும், சொன்ன பிறகும் முதலமைச்சர் டெல்லியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒன்றிய நிதியமைச்சரும் மோதிக்கொண்டார்கள். மாநிலம் 37,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டுக் கடைசியில் உச்ச நீதிமன்றப் படியேறியது. பேரிடர் நிதியைப் பெற ஒரு மாநிலம் வழக்குப் போட வேண்டியிருப்பதும் வெட்கக்கேடுதான்.

ஸ்பெயினின் வலென்சியாவில் 2024 அக்டோபர் 29-ல் வெள்ளம் வந்தது. அந்த மாகாணத்தில் 229 பேர் இறந்தார்கள். கைபேசிகளுக்கு எச்சரிக்கை போனது இரவு 8.11-க்கு, அதற்குள் பல ஊர்கள் மூழ்கியிருந்தன. அன்று பிற்பகல் நெடுநேரம் உணவகத்தில் இருந்த மாநிலத் தலைவர் கார்லோஸ் மசோனை மக்கள் விடவில்லை. மாதாமாதம் வீதிக்கு வந்தார்கள். அவர் 2025 நவம்பரில் பதவி விலகலை அறிவித்தார்; அவசரநிலைப் பொறுப்பில் இருந்த முன்னாள் அமைச்சர் நீதிமன்ற விசாரணையில் நிற்கிறார். அங்கே எச்சரிக்கை எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குப் போனது என்பது ஊரறிந்த செய்தி. இங்கே மதகு எப்போது எவ்வளவு உயர்ந்தது என்பதற்கே தகவல் அறியும் மனுப் போட வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் வெள்ளத்துக்குத் தண்டனை பெற்றவர்களும் உண்டு. அடையாற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்கள் அவர்கள். ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி அவர்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பினார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. ஒவ்வொரு கனமழையிலும் அங்கே தண்ணீர் நிற்கிறது. ஆற்றின் மேலேயே பாலம் கட்டி நீட்டிய விமான நிலைய ஓடுபாதையை எவரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. வேளச்சேரி ஏரியில் வீட்டு வசதி வாரியமே மனை போட்டு விற்றதையும் சொல்லவில்லை. வெள்ளம் வடிந்ததும் குடும்ப அட்டைக்கு 2015-ல் 5,000 ரூபாய், 2023-ல் 6,000, 2024-ல் 2,000 என்று கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். இறந்தவர்களின் குடும்பத்துக்கு இழப்பீட்டுக் காசோலை உண்டு, விளக்கம் கிடையாது.

செம்பரம்பாக்கத்தின் 2015 நவம்பர், டிசம்பர் பதிவேடுகளையும் சாத்தனூரின் 2024 டிசம்பர் பதிவேடுகளையும் மணிவாரியாக அப்படியே வெளியிட வேண்டும். எத்தனை அடி நீர், எவ்வளவு வரத்து, எவ்வளவு திறப்பு, யார் கையெழுத்து என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டையும் விசாரிக்கப் பதவியில் உள்ள நீதிபதி ஒருவரை அமர்த்தி ஆறு மாதக் கெடு வைக்க வேண்டும். அவருடைய அறிக்கையை அரசு கூட்டத்தொடரின் கடைசி நாளில் மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது, விவாதிக்க வேண்டும். உயிர்ச்சேதம் நேர்ந்த வெள்ளங்களில் 59-வது பிரிவின் முன் அனுமதியை நீக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கட்சி பாராமல் அதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பெரிய ஏரிக்கும் அணைக்கும் வெள்ளம் தொடும் தெருக்களின் வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். இவற்றில் பதிவேடுகளை வெளியிட நிதி ஒதுக்கீடு தேவையில்லை, சட்டத் திருத்தம் தேவையில்லை, டெல்லியின் அனுமதியும் தேவையில்லை. நீர்வளத் துறை அமைச்சர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அவர் அதைப் போட வேண்டும். மறுத்தால், எதை மறைக்கிறார் என்று பேரவையில் எழுந்து சொல்ல வேண்டும்.