புதுக் கண்ணாடி போட்டாச்சு, வண்டிக்குக் கண்ணு சரியாத் தெரியுதா?

மக்களே, புது வண்டி வாங்கப் போனா ஷோரூம்ல "சார், இது தானாவே பிரேக் புடிக்கும்"னு அரை மணி நேரம் புகழ்வாங்க. அதே வண்டி அடிபட்டு, பட்டறைக்குப் போய் திரும்பி வரும்போது, அந்த பிரேக் இன்னும் ஒழுங்கா புடிக்குமான்னு ஒருத்தரும் வாயைத் திறக்கிறதில்லை. அதுதான் இன்னிக்கு மேட்டர்.

2020-ல் எம்ஜி குளோஸ்டர், 2021-ல் எக்ஸ்யூவி 700 என்று ஆரம்பித்து, 'அடாஸ்' என்கிற சமாச்சாரம் இப்போ நடுத்தர விலை வண்டிகளுக்கும் வந்துவிட்டது. உள்ளே மிரருக்குப் பின்னால், கண்ணாடியை ஒட்டி ஒரு கேமரா. பல வண்டிகளில் பம்பருக்கோ கிரில்லுக்கோ பின்னால் ஒரு ரேடார். முன்னால் போறது எவ்வளவு தூரத்தில் இருக்கு, எந்த லேன்ல இருக்குன்னு இதுங்கதான் கணக்குப் போடுது.

இந்தக் கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பி இருக்குன்னு வெச்சுக்குங்க. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனா 100 மீட்டர் தள்ளி அது சுமார் 1.75 மீட்டர் வித்தியாசம். நம்ம நெடுஞ்சாலையில் ஒரு லேன் 3.5 மீட்டர். அதாவது சரியா பாதி லேன்! பக்கத்து லேன்ல போற பைக் நம்ம முன்னாடி போற மாதிரி தெரியலாம். முன்னாடி நிஜமாவே நிக்கிற லாரி ஓரமா இருக்கிற மாதிரியும் தெரியலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 100 மீட்டரைக் கடக்க நாலரை செகண்டுதான்.

சமீபத்தில் நண்பர் ஒருத்தர் வண்டியில் கல் தெறிச்சு முன் கண்ணாடி விரிசல் விட்டுடுச்சு. மாத்தினாங்க. பில்லைப் பார்த்தா கண்ணாடி, பசை, லேபர் எல்லாம் இருக்கு, கேலிப்ரேஷன் என்கிற வார்த்தையையே காணோம். கேட்டதுக்கு வந்த பதில்: "டேஷ்போர்டுல லைட் எதுவும் எரியலையே சார், அப்ப எல்லாம் ஓக்கேதான்."

இந்தப் பதில்தான் ஆபத்து. வயர் கழண்டா, சிக்னல் வரலைன்னா லைட் எரியும். ஆனா கேமரா நல்லா வேலை செய்துகொண்டே கொஞ்சம் தப்பான திசையைப் பார்த்தால், பல நேரம் அது வண்டிக்கே தெரியாது. மாறுகண் இருக்கிறவருக்குத் தலைவலி இல்லைங்கிறதாலேயே பார்வை சரின்னு டாக்டர் எழுதிக் கொடுப்பாரா?

சரி பண்ணுற முறை ரெண்டு. ஒண்ணு, சமதளமான தரையில், டயர்ல காத்து சரியா வெச்சு, கம்பெனி சொன்ன தூரத்திலும் உயரத்திலும் கட்டம் போட்ட பலகையை நிறுத்தி, ஸ்கேனரை மாட்டிச் செய்றது. இன்னொண்ணு, ஸ்கேனரோட குறிப்பிட்ட வேகத்தில் ரோட்டுல ஓட்டிப் பழக்குறது. அதுக்கு லேன் கோடு பளிச்சுனு தெரியணும். (நம்ம ஊர்ல கோடு இருக்கிற ரோட்டைத் தேடுறதே தனி ப்ராஜெக்ட்!) எந்த வண்டிக்கு எதுங்கிறதைக் கம்பெனிதான் சொல்லணும், சிலதுக்கு ரெண்டுமே வேணும்.

கண்ணாடி மட்டும்தானான்னு கேட்டா, இல்லை. பம்பரைக் கழட்டி மாட்டினாலும், சஸ்பென்ஷன்ல கை வெச்சாலும் இந்தக் கேள்வி வரும். வீல் அலைன்மென்ட் பண்ணினா ஸ்டீயரிங் கோண சென்சாரையும் பார்க்கச் சொல்ற கம்பெனிகள் உண்டு. ரேடார் இருக்கிற இடத்துக்கு முன்னால் பட்டி வெச்சு மொத்தமா பெயின்ட் அடிச்சா அதோட பார்வையும் மங்கும்.

வெளிநாட்டில் மட்டும் ஒழுங்கான்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் ஐஐஎச்எஸ் அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த மாதிரி சாதனங்களை ரிப்பேர் பண்ணினவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர், வேலை முடிஞ்ச பிறகும் ஏதோ ஒண்ணு தகராறு பண்ணுதுன்னு சொல்லியிருக்காங்க.

"நம்ம ரோட்டுக்கு இதெல்லாம் ஆகாதுப்பா, ஆஃப் பண்ணிட்டுத்தான் ஓட்டுறேன்"னு சிலர் சொல்வாங்க. லேன் உதவியை ஆஃப் பண்ணலாம். ஆனா பல வண்டிகளில் தானியங்கி பிரேக் அடுத்த தடவை ஸ்டார்ட் பண்ணும்போது திரும்பவும் ஆன் ஆயிடும். காலி ரோட்டுல அது திடீர்னு பிரேக் அடிச்சா, அடிபடப் போறது பின்னாடி குடும்பத்தோட ஸ்கூட்டர்ல வர்றவர். அவர் அடாஸ் கேட்கவும் இல்லை, அதுக்குக் காசு கொடுக்கவும் இல்லை.

அதனால என் கட்சி இதுதான்: கேலிப்ரேஷன் ரிப்பேருக்கு மேல ஒரு 'எக்ஸ்ட்ரா' கிடையாது, ரிப்பேரோட கடைசிப் பாதி. பில்லில் அதுக்குத் தனி வரி வேணும், ஸ்கேனர் ரிப்போர்ட்டும் கூடவே வரணும். கண்ணாடிக்குக் காசு கொடுக்கிற இன்சூரன்ஸ்காரங்க இதுக்கும் மூக்கால் அழாம கொடுக்கணும். கருவி இல்லாத பட்டறைக்காரர் "எங்ககிட்ட வசதி இல்லை, இன்ன இடத்துல போய்ப் பண்ணிக்குங்க"ன்னு சொன்னா அது கௌரவக் குறைச்சல் இல்லை, நாணயம்.

நாமளும் வண்டியை விடுறதுக்கு முன்னாடியே கேட்கணும். டெலிவரி எடுக்கும்போது பெயின்ட் கலர் மேட்ச் ஆகுதான்னு குனிஞ்சு குனிஞ்சு பார்க்கிறோம்ல, அதுல ஒரு நிமிஷத்தை இதுக்கு ஒதுக்கினா போதும்.