கருவி காட்டியது 1.3, தாளில் 3.1



சென்ற மாதம் மாமியாருக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 3.1 என்று தாளில் பார்த்ததும் வீடே கலங்கிப்போனது. பதறி ஆய்வகத்துக்கு ஓடி விசாரித்தால், கருவி காட்டியது 1.3, கணினியில் தட்டியவர் இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். விடிந்ததும் வெறும் வயிற்றோடு அத்தனை பேர் வரிசையில் நின்றால் யாருக்கும் கை தவறும்.

ஆனால் இன்றைய தானியங்கிக் கருவிகள் பலவும் முடிவைக் கணினிக்கு நேராகவே அனுப்பக்கூடியவை. குழாயில் ஒட்டிய பார்கோடு, ரத்தம் யாருடையது என்பதையும் சொல்லிவிடும். இடையில் ஓர் இணைப்பும் அதற்கான மென்பொருளும்தான் தேவை. மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எச்.எல்.7 என்ற பொது நெறியை உருவாக்கும் வேலை 1987-இலேயே தொடங்கிவிட்டது. 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் மருத்துவப் பதிவுகளை இணைப்பதற்கான 14 இலக்க ஆபா எண்ணை வாங்கி பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறோம். டாக்டரிடம் இன்னும் மடித்த தாள்தான் போகிறது.

சிறு ஆய்வகங்கள் கருவியைக் கணினியோடு இணைக்கும் செலவில் ஒரு பகுதியையாவது அரசு ஏற்க வேண்டும். அதுவரை, வாசகர்களே, எண் சந்தேகமாகப் பட்டால் கருவியின் பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

– ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்