மலைமேல் எதைத் தேடினோம்?

சென்ற ஆண்டு எம் துறை மாணவர்களை அழைத்துக்கொண்டு ஜவ்வாது மலைக்குச் சென்றிருந்தேன். ஆரணியிலிருந்து போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை பேருந்துப் பயணம். வழியெல்லாம் குறிஞ்சித் திணையைப் பற்றிய பேச்சுத்தான். தினைப்புனம், பரண், கிளியோட்டும் மகளிர், தேன், கிழங்கு எனக் கருப்பொருள்களை மாணவர்கள் அடுக்கிக்கொண்டே வந்தனர். அவற்றை அவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தவன் நானே ஆதலால் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

ஊரை அடைந்ததும் முகங்கள் வாடின. ஓட்டு வீடுகளும் காரை வீடுகளும் நின்றன. ஒரு கூரையின்மேல் தொலைக்காட்சிக்கான தட்டு இருந்தது. சாமை மூட்டையை இருசக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த இளைஞனின் சட்டைப்பையில் கைப்பேசி பாடிக்கொண்டிருந்தது. "ஐயா, இவங்க உண்மையான பழங்குடிங்கதானா?" என்று ஒரு மாணவன் என் காதருகே கேட்டான். காதருகே என்று அவன் எண்ணிக்கொண்டானே ஒழிய, திண்ணையில் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்த மூதாட்டியின் செவியிலும் அது விழுந்துவிட்டது. அவர் சினங்கொள்ளவில்லை. "எந்த ஊரு தம்பி?" என்றார். ஆரணி என்றான்.

"அங்க தறி நெய்யிற பொம்பளைங்க எல்லாம் பட்டுதான் கட்டிக்கிறாங்களா?"

அவன் தலை குனிந்தான். அவன் தாயும் தறியில் அமர்பவரே.

அந்தக் கேள்வி என்னை விட்டு இன்றளவும் அகலவில்லை. நம் ஊருக்கும் வெளியூரார் வருகின்றனர். குழித்தறி எங்கே, கிழவர் எங்கே, அகல்விளக்கு எங்கே என்று தேடுகின்றனர். மின்விசிறியின் கீழ் வானொலி கேட்டபடி நாடா ஓட்டும் இளைஞரைக் கண்டால் படம் எடுக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. நமக்கு அதில் பெருமையும் உண்டு. ஆயினும் நூல் கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. கரைக்குப் பூ எழுப்பும் ஜக்கார்டு பெட்டியோ 1804ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டில் உருவானது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுத் தூய ஆரணியைக் காட்டுக என்றால் எதைக் காட்டுவது? நெய்பவரின் கையையும் கண்ணையும்தான் காட்ட இயலும். அதுவே போதுமானது என்பது என் துணிபு.

என் செய்தியும் ஒன்று உண்டு. வீட்டில் உருது பேசி வளர்ந்தவன் நான். தமிழ் விரிவுரையாளன் என்று அறிமுகம் செய்துகொண்டால், "அப்படியா! உங்களுக்குத் தமிழ் எப்படி?" என்று வியப்பவர் இன்றும் உளர். உறவினர் சிலரோ என் உருதுவில் தமிழ் வாடை வீசுகிறது என்பர். இருபுறத்தாரும் என்னிடம் தேடுவது தங்கள் மனத்தில் உள்ள ஒரு படத்தையே. அந்தப் படத்தோடு நான் ஒத்துப்போகாதது என் குற்றமாகிவிடுகிறது. அவ்வேதனையை அறிந்த நானே மலைமேல் ஏறியதும் அதே படத்தை எடுத்து நீட்டினேன் என்பதுதான் வெட்கம்.

உதகையின் நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். அங்கே அரசு தாவரவியல் பூங்காவுக்கு மேலே தோடர் மந்து ஒன்று உள்ளது. சுற்றுலா வருவோர் வளைந்த கூரையுடைய குடிலின்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்குகின்றனர். தோடருள் பெரும்பாலோர் இன்று சாதாரண வீடுகளில் வாழ்கின்றனர் என்று அறிந்தால் ஏமாந்ததாகக் குறைப்படுகின்றனர். ரிவர்சு என்னும் ஆங்கில அறிஞர் 1906இல் தோடரைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். அந்நூலில் உள்ளபடியே அவர்கள் இன்றும் இருக்கவேண்டும் என்றால், நாம் 1906இல் இருந்தபடி இருக்கிறோமா? அவர்கள் போர்த்தும் புத்துக்குளியின் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நெசவு செய்வதில்லை என்பதை நெசவு ஊராராகிய நாம் கருதவேண்டும். வெள்ளைத் துணி சமவெளித் தறியில் நெய்யப்பட்டது. அதன்மேல் சிவப்பும் கருப்புமாக எழும் பூ தோடப் பெண்டிருடையது. பிறர் துணியில் தைத்ததால் அது தோடர் கலை அன்று என்று யார் சொல்வார்?

ஜவ்வாது மலை மக்கள் மலையாளி எனப்படுவோர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என மயங்க வேண்டா. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். அவர்கள் தாய்மொழி தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் என்பது மலையாளிகளிடையே வழங்கும் மரபுக் கதை. ஆக, எந்தத் தொன்மையைத் தேடி நாம் மலைக்குப் போனோமோ அந்த மக்களே தம்மைச் சமவெளியிலிருந்து வந்தவர் என்கின்றனர்!

நம் படத்தில் இடம்பெறாத செய்தி இன்னும் உண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்டவந்தோர் என்று சொல்லி இருபது பேரை அம்மாநிலக் காவல்படை சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலையினரும் அவர்களுள் இருந்தனர். மலையில் பிழைப்பு இருந்திருந்தால் அவர்கள் அங்குப் போயிருப்பார்களா? தேனையும் சாமையையும் கேட்ட நாங்கள் அம்மூதாட்டியிடம் இதைக் கேட்கவில்லை. அதற்குரிய திணை எம் பாடத்தில் இல்லை.

உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடுங்கால் தமிழகத்து வயல்வளத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். அதைப் போலி என்று எவரும் சொல்வதில்லை. காப்பிய மரபு என்று பாராட்டுகிறோம். புலவர் பாட்டில் வயலை வைத்ததால் மக்கா நகரில் எவருக்கும் இழப்பில்லை. நாமோ உயிருள்ள மனிதர்மேல் நம் கற்பனையை உடுத்தப் பார்க்கிறோம்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இவ்வாண்டு முத்தமிழ் விழாவிற்கு மலைக் கலைஞர்களை அழைக்க வேண்டும் என்று மாணவர்கள் விரும்பினர், நன்று என்றேன். அழைப்புக் கடிதத்தின் வரைவில், 'இலைதழை ஆடையுடன் மரபு நடனம்' என்று எழுதியிருந்தனர். அம்மலையில் அவ்வாடையை நான் ஒருவரிடமும் கண்டதில்லை. பார்ப்போர் விரும்புவர், கலைஞருக்கும் பணம் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். பணம் கிடைப்பதை நான் குறைத்து மதிக்கவில்லை. மாவட்ட நிர்வாகம் நடத்தும் கோடை விழாக்களில் அம்மக்கள் தாமே விரும்பி ஆடியதைக் கண்டு நானும் கைதட்டியவன்தான். ஆடுவதா, எதை உடுத்து ஆடுவது, எந்தப் பாட்டைப் பாடுவது என்பவற்றை அவர்கள் முடிவு செய்யட்டும். வேட்டி சட்டையில் வந்தால் வேட்டி சட்டையில் ஆடட்டும். ஊதியத்தை முன்கூட்டியே பேசி முழுமையாகக் கொடுப்போம். மேடையில் முதல்வருக்குப் பக்கத்தில் அவர்களுக்கும் நாற்காலி இடுவோம். மறுநாள் அவர்களை நம் தறிகளுக்கு அழைத்துச் சென்று, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நாம் விடை சொல்வோம்.

இலைதழை என்னும் சொல்லை அடித்துவிட்டுக் கடிதத்தை விழாக் குழுவிடம் திருப்பித் தந்திருக்கிறேன். அவர்கள் இன்னும் கையொப்பம் இடவில்லை.