நிக்காஹ் முடிந்த மறுநாள்

 

கணவரை இழந்த பெண்ணுக்கோ, தலாக் பெற்ற பெண்ணுக்கோ மறுமணப் பேச்சு எழுந்தால் நம் குடும்பங்களில் பெரியவர்கள் என்னென்ன விசாரிக்கின்றனர்? மாப்பிள்ளையின் மார்க்கப் பற்று எப்படி, தொழில் என்ன, முதல் தாரத்துப் பிள்ளைகளை அன்புடன் ஏற்பாரா, மஹர் எவ்வளவு என்றெல்லாம் கேட்கின்றனர். இவை யாவும் கேட்க வேண்டியவையே. ஆனால் அந்தப் பெண் இங்கிலாந்தில் வாழ்பவளாயின், கேட்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு: “நிக்காஹ் முடிந்த மறுநாள் அவள் கைக்கு வரும் பணம் என்னவாகும்?” பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி இது. இதைக் கேட்காததால் வரும் துன்பம் சிறிதன்று.

இரு பிள்ளைகளுடன் வாடகை வீட்டில் வாழும் ஒரு விதவைச் சகோதரியை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு வேலை இல்லை. அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் என்னும் நலத்தொகையே அவளுடைய அடுப்பை எரியவைக்கிறது. அவளை மணக்க நல்ல மனிதர் ஒருவர் முன்வருகிறார். பள்ளிவாசலில் இமாம் நிக்காஹ் ஓதுகிறார், விருந்து நடக்கிறது, மணமகன் அவள் வீட்டில் குடியேறுகிறார். பதிவாளர் அலுவலகத்திற்கு எவரும் செல்லவில்லை. “அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுகின்றனர்.

இப்போது நலத்தொகைச் சட்டம் என்ன சொல்கிறது? 2012ஆம் ஆண்டின் நலச் சீர்திருத்தச் சட்டப்படி, மணமானவர்கள் மட்டுமே தம்பதியர் அல்லர். மணமாகாமலே கணவன் மனைவிபோல் ஒரே இல்லத்தில் வாழும் இருவரும் தம்பதியரே. பதிவுச் சான்றிதழை அச்சட்டம் தேடுவதில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்களா, செலவைப் பகிர்கிறார்களா, உறவு நிலையானதா, பிறர் முன் தங்களைத் தம்பதியராகக் காட்டிக்கொள்கிறார்களா என்பனவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கின்றனர். ஆகவே கணவர் குடிவந்த நாளிலிருந்து நம் சகோதரி தனித்து விண்ணப்பிக்கும் தகுதியை இழக்கிறாள். இனி இருவருக்கும் ஒரே விண்ணப்பம். இருவரின் வருமானமும் சேமிப்பும் ஒரே கணக்கு.

எண்களைக் கொண்டு பார்ப்போம். 2025-26ஆம் ஆண்டின் விகிதப்படி, 25 வயதுக்கு மேற்பட்ட தனி நபருக்கு மாத அடிப்படைத் தொகை 400.14 பவுண்டு, தம்பதியருக்கு 628.10 பவுண்டு. கணவர் வரி போக மாதம் 2,400 பவுண்டு ஈட்டுபவர் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளும் வீட்டு வாடகைக்கான உதவியும் உள்ள குடும்பத்தில் முதல் 411 பவுண்டை விட்டுவிடுவர். எஞ்சிய ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைப்பர். அவ்வகையில் குறைவது ஏறத்தாழ 1,094 பவுண்டு. தம்பதியர் என்பதால் கூடுவது 228 பவுண்டு. முடிவில் அவள் கைக்கு வந்துகொண்டிருந்த தொகையில் மாதம் 866 பவுண்டு குறைந்துவிடும். வயது வந்தவர் ஒருவர் மட்டும் வாழும் வீட்டிற்குக் கவுன்சில் டாக்ஸில் கிடைக்கும் 25 சதவீதத் தள்ளுபடியும் நின்றுவிடும்.

சேமிப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் உதவி குறையத் தொடங்கும். 16,000 பவுண்டைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் அறவே இல்லை. கணவர் பெயரில் ஊரில் இருக்கும் மனையும் வீடும்கூடப் பொதுவாக இக்கணக்கில் சேரும். முதுமையடைந்த நெருங்கிய உறவினர் குடியிருக்கும் வீடு போன்ற சிலவற்றிற்கு மட்டுமே விலக்கு உண்டு.

எல்லா உதவிகளும் இவ்வாறு குறைவதில்லை. உடற்குறையுடையோர்க்கான பிப் உதவித்தொகையும், அவரவர் ஈட்டிய அரசு ஓய்வூதியமும் துணைவரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. 2017 ஏப்ரல் 6 முதல் துணையை இழந்தோர்க்கு வழங்கப்படும் இழப்பு உதவித்தொகையும் மறுமணத்தால் நிற்பதில்லை. அதற்கு முன் விதவையானோர் பெற்ற பழைய பெற்றோர் உதவித்தொகையோ மறுமணம் செய்தால் நின்றுவிடும்.

866 பவுண்டு குறைவதில் அநீதி என்ன என்று நீங்கள் கேட்கலாம். கணவரின் சம்பளம் வீட்டிற்கு வருமே! ஆம், வந்தால் குறையில்லை. மனைவிக்கு நஃபகா அளிப்பது கணவர்மீது மார்க்கம் விதித்த கடமை. நலத்தொகைச் சட்டமும் அவர் அளிப்பார் என்று எண்ணியே அவள் பங்கைக் குறைக்கிறது. ஆனால் அவர் தம் சம்பளத்தை ஊரிலுள்ள பெற்றோருக்கும் முதல் தாரத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிட்டு, “உனக்குத்தான் அரசாங்கம் தருகிறதே” என்று சொன்னால்? அரசாங்கம் குறைத்துவிட்டது; கணவர் கொடுக்கவில்லை. நடுவில் நிற்பவள் அவள்.

சரி, நீதிமன்றம் போகலாமா? இங்கேதான் சகோதரிகளே, இரண்டாவது அடி விழுகிறது. 1998இல் லண்டனில் உள்ள ஓர் உணவகத்தில் நிக்காஹ் மட்டும் செய்து, பல ஆண்டுகள் இல்லறம் நடத்தி, பிள்ளைகளும் பெற்ற ஒரு தம்பதியரின் வழக்கில் 2020 பிப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தின் கண்ணில் அது செல்லாத திருமணம்கூட அன்று. திருமணமே அன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். திருமணமே இல்லையெனில், மனைவி என்ற முறையில் சொத்துப் பங்கும் ஜீவனாம்சமும் கோர வழியில்லை. பெற்ற பிள்ளைகளுக்கான பராமரிப்புச் செலவைத் தந்தையிடம் கேட்கலாம். தனக்கென்று அவள் கேட்க முடியாது.

நலத்தொகையைக் குறைக்கும்போது அவள் மனைவி. உரிமை கேட்கும்போது அவள் யாரோ. ஒரே நாட்டின் இரண்டு சட்டங்கள் ஒரே பெண்ணை இரண்டு விதமாகப் பார்க்கின்றன.

இதை அறிந்த சிலர் குறுக்கு வழி ஒன்று சொல்வர்: “கணவர் வேறு முகவரியில் இருப்பதாகக் காட்டிவிடலாம்.” வேண்டவே வேண்டாம்! அது பொய், அமானிதத்திற்குச் செய்யும் மோசம். விண்ணப்பம் அவள் பெயரில் இருப்பதால் சிக்குபவளும் அவளே. கூடுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கேட்பர், வழக்கும் தொடுக்கலாம். உண்மையிலேயே நிக்காஹ் ஓதிவிட்டு இருவரும் சில காலம் தனித்தனி வீட்டில் வாழ்ந்தால், சேர்ந்து குடியேறும்வரை அவள் கணக்குத் தனிக்கணக்குதான். குடியேறிய உடனே அறிவித்துவிட வேண்டும். மாறுதல் அந்த மாதக் கணக்கின் முதல் நாளிலிருந்தே செல்லும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நிக்காஹ்வுடன் சட்டப் பதிவையும் செய்துவிடுங்கள். 1949ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி பதிவுபெற்ற பள்ளிவாசலாயின் அங்கேயே இரண்டையும் நிறைவேற்றலாம். அன்றேல் பதிவாளர் அலுவலகத்தில் மணக்கலாம்; எங்கு மணந்தாலும் பதிவாளர் அலுவலகத்தில் குறைந்தது 28 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் முறையாக நடந்து, இந்நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் நிக்காஹ்வைப் பொதுவாக அங்கும் திருமணமாக ஏற்கின்றனர்.

இரண்டாவது, மஹரைப் பேசும் அதே அமர்வில் மாதச் செலவையும் பேசுங்கள். எவ்வளவு தருவார், எந்தத் தேதியில் தருவார் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். கூட்டு விண்ணப்பத்தின் பணம் வழக்கமாக ஒரே வங்கிக் கணக்கிற்கே செல்லும். அது யாருடைய கணக்கு என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கணவரின் கொடுமைக்கு ஆளாகும் பெண் தன் பங்கைப் பிரித்துத் தருமாறு கேட்கவும் வழி உண்டு.

மூன்றாவது, மாப்பிள்ளை ஊரிலிருந்து விசாவில் செல்பவராயின் கூடுதல் கவனம் தேவை. அரசு உதவி பெறத் தடையுள்ள விசாவாயின் அவளுக்குத் தனி நபர் தொகையே கிடைக்கும். ஆயினும் அவருடைய வருமானமும் சேமிப்பும் கணக்கில் சேரும்.

மகளைக் கடல் கடந்து கொடுத்திருக்கும் பெற்றோரே! வலீ என்ற பொறுப்பு தொலைபேசியில் சம்மதம் சொல்வதுடன் முடிந்துவிடுவதில்லை. மஹரை எண்ணி வாங்கும் நாம், பதிவுச் சான்றிதழையும் கேட்டு வாங்குவோம். நம் பெண்மக்களின் இல்லறத்தை வல்ல இறைவன் நல்லறமாக்குவானாக! ஆமீன்.