குடம் தூக்கிய பிள்ளைக்கு நாடகம் எதற்கு?

'தண்ணீர் தண்ணீர்' நாடகம் கிராமத்து வறட்சிக் கதையாம்; ஒரு நண்பர் சொல்கிறார். சென்னை வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு அதில் பாத்திர ஆய்வு வீணாம். 2019 கோடையில் மெட்ரோ வாட்டர் லாரிக்காகத் தெருவில் நின்ற பிளாஸ்டிக் குடங்களை நண்பர் பார்க்கவில்லை போலும்.

கோமல் சுவாமிநாதன் 1980இல் மேடையேற்றிய இந்த நாடகத்தில் மழை பொய்த்தது ஒரு சாக்குதான். கொலை செய்துவிட்டு ஓடிவந்த வெள்ளைச்சாமி தண்ணீர் கொண்டுவருகிறான். அத்திப்பட்டி கிராமம் அவனை ஒளித்துவைக்கிறது. அந்த ஊர்ப் பெண் செவந்தியின் புருஷனோ போலீஸ்காரன். அவள் யார் பக்கம் நிற்க வேண்டும்? கோனார் நோட்ஸில் இதற்குப் பதில் கிடைக்காது. 'அரசு மோசம்' என்று ஒரு வரி எழுதி மார்க் வாங்குவது சுலபம். அதிகாரி, வேட்பாளர், ஊர்க்காரன் என்று யாருக்கு எவ்வளவு பங்கு எனப் பிரித்துப் பார்க்க, லாரி வராத நாளில் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டிய பிள்ளைக்குத்தான் கூடுதல் தகுதி.