எழும்பூர் நிலையமும் நம் சிலபஸும்



திருச்சிக்காரர்களுக்குச் சென்னை என்றாலே முதலில் எழும்பூர்தான். கே.கே. நகரில் பஸ் ஏறி, ஜங்ஷனில் இறங்கி, ராத்திரி ரயிலில் படுத்தால் விடியற்காலையில் எழும்பூர் என்பது நாம் பழகிய வழி. நானும் ஐந்தாறு முறை அப்படிப் போயிருக்கிறேன். பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியதுதான் மிச்சம். எந்தக் கட்டடத்துக்குள்ளிருந்து வெளியே வந்தோம் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நான் சிவில் படிக்கிற பையன்!

பொங்கல் முடிந்து ஓர் இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். பத்து மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். கையில் நாலு மணி நேரம். டீ குடித்துவிட்டு, நிலையத்தின் முகப்புக்கு எதிரே நின்று முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தேன். செங்கல் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் சுவர்கள், வரிசை வரிசையாக வளைவுகள், மேலே குவிமாடங்கள். முகலாயர் பாணியும் நம்மூர்ப் பாணியும் ஆங்கிலேயர் பாணியும் கலந்த இதைத்தான் 'இந்தோ-சாரசெனிக்' என்கிறார்கள். அரண்மனை மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொல்வது பொருத்தம்தான். இதை வரைந்த ஹென்றி இர்வின்தான் மைசூர் அரண்மனையையும் வரைந்தவர்.

நான் அப்படி அண்ணாந்து நிற்பதைப் பார்த்து ஒரு போர்ட்டர் அண்ணன் பக்கத்தில் வந்தார்.

"என்ன தம்பி, யாரையாச்சும் தேடுறீங்களா?"

"இல்லண்ணே, கட்டடத்தைப் பார்க்கிறேன்."

"முப்பது வருஷமா இங்க மூட்டை தூக்குறேன். வர்றவங்க கடிகாரத்தைத்தான் பாப்பாங்க. சுவத்தை யாரு பாக்குறா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னது என்னை என்னவோ செய்தது. வளைவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது என்று முதலிலேயே படித்துவிடுகிறோம். ஆர்ச் படம் போட்டு, கீ-ஸ்டோனுக்கு அம்புக்குறி இட்டு, மார்க்கும் வாங்கிவிடுகிறோம். ஆனால் கம்பி வைத்த லிண்டல் இல்லாமல், வெறும் செங்கல்லை வளைத்து அடுக்கி, மேலே உள்ள பாரத்தையெல்லாம் இரண்டு பக்கத் தூண்களுக்கும் இறக்கிவிடும் அந்த வித்தை கண்முன்னே நிற்பதைப் பார்த்தபோதுதான் பாடமே புரிந்தது. நோட்டில் இருந்த கோடு அன்றைக்குச் சுவராகிவிட்டது.

இந்த நிலையத்துக்கும் நம்மூருக்கும் உறவு உண்டு. திருச்சியில் நீண்ட காலம் தலைமையகம் வைத்திருந்த தென்னிந்திய ரயில்வே கம்பெனிதான் இதைக் கட்டியது. டாக்டர் பல்னி ஆண்டி என்பவரிடமிருந்து நிலம் வாங்கினார்கள்.  1905-ல் வேலை தொடங்கி, 1908 ஜூன் 11-ல் நிலையம் திறக்கப்பட்டது. செலவு 17 லட்ச ரூபாய். பாம்பன் பாலம் 1914-ல் திறந்த பிறகு, இலங்கைக்குப் போகிறவர்கள் இங்கேதான் போட் மெயிலில் ஏறினார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அங்கிருந்த கடல்வழி முடிந்தது. எழும்பூர் மட்டும் நிற்கிறது.

வரைந்தவர் இர்வின், கூட இருந்த என்ஜினீயர் ஈ.சி. பேர்ட், காண்ட்ராக்டர் பெங்களூரைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை. இந்தப் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் சாரத்தில் நின்று அந்த வளைவுகளைத் திருப்பிய கொத்தனார் யார்? இரும்பை வளைத்த கொல்லர் யார்? அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. பெயர் போனதுகூடப் பரவாயில்லை என்பேன். அவர்கள் கையில் இருந்த தொழிலும் போய்க்கொண்டிருக்கிறதே, அதுதான் என் கவலை!

இதை நான் சும்மா மேடைப் பேச்சாகச் சொல்லவில்லை. நானே செய்த தவறு ஒன்று இருக்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்காக ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்திருந்தேன். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடு ஒன்றில் ரிப்பேர் வேலை. சுவரில் ஓதம் ஏறியிருந்தது. பழைய பூச்சைக் கொத்திவிட்டு, நல்ல கெட்டியான சிமெண்ட் பூச்சு பூசினோம். எத்தனை சதுர மீட்டர் என்று அளவுப் புத்தகத்தில் எழுதியவன் நான்தான். அங்கிருந்த வயதான கொத்தனார் ஒருவர் மட்டும், "தம்பி, இது சுண்ணாம்புச் சுவரு. மூச்சு விடணும். சிமெண்ட்டைப் போட்டு வாயைப் பொத்திட்டீங்க" என்றார். சிமெண்ட்டை விடச் சுண்ணாம்பு எப்படி உசத்தியாக இருக்கும்? நான் மனசுக்குள் சிரித்தேன்.

ஐப்பசி மழை முடிந்ததும் அந்தப் பக்கம் போனேன். பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடந்தது. தனியாக விழவில்லை, செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு விழுந்திருந்தது. உள்ளே ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல், உப்பு பூத்து, செங்கல்லையே அரித்துவிட்டது. அந்த வீட்டு அம்மா என்னைத் திட்டவில்லை. "முன்னாடி இருந்ததே தேவலாம் போல இருக்கு தம்பி" என்றார்கள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட ஆறியிருப்பேன்.

எழும்பூரில் அந்தச் சுவரைத் தொட்டபோது எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வந்தது. 2022 மே மாதம் எழும்பூர், மதுரை, காட்பாடி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி ஆகிய ஐந்து நிலையங்களைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டப்பட்டது. எழும்பூருக்கு மட்டும் 700 கோடி ரூபாய்க்கு மேல். பாரம்பரியக் கட்டடத்தைக் காத்துக்கொண்டு புதியதை எழுப்புவதாகத் திட்டம். நல்லது. ஆனால் நாளைக்கு இந்த மாதிரி வேலையில் சைட் சூப்பர்வைசராக நிற்கப் போவது யார்? டிப்ளமோ முடித்த நாம்தானே! பெரிய இன்ஜினீயர்கள் வரைபடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். எந்தக் கலவையை எந்தச் சுவரில் பூசலாம் என்று தட்டுக்காரருக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டியவர்கள் நாம். நமக்கோ சிமெண்ட், கம்பி, கான்கிரீட் தவிர வேறொன்றும் தெரியாது.

"பழசையே கட்டிக்கிட்டு அழணுமா? இதனால வேலை கிடைக்குமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். லிஃப்ட் வேண்டாம், எஸ்கலேட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேம்பாலப் படியில் மூச்சு வாங்கி நிற்கும் பாட்டியைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். புதியது வரட்டும். பழையதைத் தொடுகிறவனுக்குப் பழையது தெரிந்திருக்கட்டும் என்கிறேன். தமிழகப் பொதுப்பணித் துறையில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வேலையும் இருக்கிறது, ஆள்தான் வேண்டும்.

மும்பையில் 1888-ல் முடிந்த விக்டோரியா டெர்மினஸை, அதாவது இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸை, யுனெஸ்கோ 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் சிற்ப வேலைப்பாடுகளில் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களின் கை இருக்கிறது. மாணவர்கள்! நம் வயதுக்காரர்கள். நியூயார்க்கில் நடந்தது வேறு கதை. அங்கே 1910-ல் திறந்த மாபெரும் பென்சில்வேனியா நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கினார்கள். அப்புறம்தான் அந்த ஊர் விழித்துக்கொண்டு, 1965-ல் பழைய கட்டடங்களைக் காக்கச் சட்டம் போட்டது. இடித்த பிறகு வந்த ஞானத்தால் அந்த நிலையம் திரும்பி வந்துவிடவில்லை.

ஆகவே நம் யூனியன் மூலம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, ஆண்டுதோறும் நடக்கும் சர்வே கேம்ப்பில் ஒரு நாளாவது, உரிய அனுமதி பெற்று, நம்மூர்ப் பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரைவோம். பொன்மலைப் பணிமனை 1928-லிருந்து நிற்கிறது, ராணி மங்கம்மாள் மகால் இருக்கிறது. நமக்கா பஞ்சம்? இரண்டு, லேபில் சிமெண்ட் கியூபை உடைப்பதுபோல் சுண்ணாம்புக் கலவையையும் சோதிப்போம். கட்டடச் சுண்ணாம்புக்கென்றே ஐ.எஸ். 712 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. மூன்று, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்து வந்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, நாம் கீழே உட்கார்ந்து கேட்போம். நான் அன்றைக்குச் சிரிக்காமல் கேட்டிருந்தால் ஒரு வீட்டுச் சுவர் பிழைத்திருக்கும்.

அடுத்த முறை எழும்பூரில் இறங்கும்போது, ஆட்டோவுக்கு ஓடுமுன் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். அந்தப் போர்ட்டர் அண்ணன் கண்ணில் பட்டால், சுவரைப் பார்க்கவும் திருச்சியிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

செய்வோமா, நண்பர்களே?

— இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு
கே.கே. நகர், திருச்சி